1,02,660 ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டர்ஸ் பேட்ச்

பெங்களூரில் அல்சூர் பஜார் தெருவுக்குப் பின்னால் சின்னதாக ஒரு இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது மாவை வாங்கிக்கொண்டே கேட்கிறார்கள்: "அக்கா, உங்க பொண்ணு ஒரு வருஷம் உட்கார்ந்து மறுபடி நீட் எழுதினாளே, அந்தக் கோச்சிங் எப்படி? சேர்க்கலாமா?" பின்னால் நாலு பேர் தூக்குச் சட்டியோடு நிற்கும்போது இதற்கு என்ன பதில் சொல்வது? அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். சென்டரின் பெயரைப் போடக் கூடாது என்பது மகளின் கண்டிஷன். விஜயநகர் மெட்ரோவில் இறங்கி நடக்கும் தூரம் என்பதோடு விட்டுவிடுகிறேன். அந்தப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு கோச்சிங் சென்டர்தான், கண்டுபிடிக்க முயல வேண்டாம்.

மகள் முதலில் எழுதியது 2024 மே 5. அந்த வருடக் கூத்து எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூன் 4ஆம் தேதி, தேர்தல் முடிவு வந்த அன்றே நீட் முடிவும் வந்தது. 67 பேர் 720க்கு 720. என் மகளுக்கு 577. போன வருடம் அந்த மார்க்குக்கு என்ன ரேங்க் வந்தது என்று பார்த்து வைத்திருந்தாள். இந்த வருடம் ரேங்க் அதைவிட எங்கோ கீழே போய்விட்டது. அழக்கூட இல்லை, போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கருணை மதிப்பெண் வாங்கிய 1,563 பேருக்கு அதை ரத்து செய்து, விரும்பியவர்களுக்கு ஜூன் 23 அன்று மறுபடி தேர்வு வைத்தார்கள். மற்றவர்களுக்கும் தேர்வு ரத்தாகுமா ஆகாதா என்று உச்ச நீதிமன்றத்தைப் பார்த்தபடியே ஒன்றரை மாதம் போனது.

நாங்கள் சென்டருக்குப் போனது அந்த ஒன்றரை மாதத்தில்தான். வரவேற்பறை குளுகுளுவென்று இருந்தது, டீ கொடுத்தார்கள். கவுன்சலர் என்று ஒரு பெண், இருபத்தைந்து வயது இருக்கும். "மார்க் எவ்வளவு மேடம்?" 577. "அப்ஜெக்டிவ்?" எம்பிபிஎஸ், அரசு சீட். "டெஃபினிட்டா ட்ராப் எடுக்கணும் மேடம். ஒரு வருஷம்தான், லைஃபே மாறிடும்." அப்புறம் நேராக ஃபீஸ் அட்டவணைக்குப் போய்விட்டார். என் கடையில் மாவு புளித்துவிட்டது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், எப்போது வாங்கினீர்கள், எங்கே வைத்திருந்தீர்கள் என்று முதலில் கேட்பேன். இங்கே அப்படி ஒரு கேள்வி வரவில்லை. டீ நன்றாக இருந்தது.

ஃபீஸ் 1,45,000. ஒரு 'ஸ்காலர்ஷிப் டெஸ்ட்' எழுதினால் குறையும் என்றார்கள். எழுதினாள், 40 சதவீதம் தள்ளுபடி. என் மகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பையனுக்கும் 40, பின்னால் இருந்த பெண்ணுக்கும் 40. தீபாவளி ஜவுளிக் கடையில் விலையை ஏற்றி ஒட்டிவிட்டுத் தள்ளுபடி தருவார்களே, அதே கணக்கு. 87,000 ஆனது. மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, 15,660. ஆக 1,02,660. கிலோ 50 ரூபாய்க்கு விற்கும் மாவு இரண்டாயிரம் கிலோவுக்கு மேல். அதுவும் விற்பனைப் பணம், லாபம் இல்லை.

இதற்கிடையில் இன்னொரு வலை. "தேர்வு ரத்தாகி மறுதேர்வு வந்துட்டா என்ன செய்வீங்க? இப்பவே க்ராஷ் கோர்ஸில் சேர்ந்துடுங்க" என்று 8,000 கேட்டார்கள். ஜிஎஸ்டியோடு 9,440. பயத்தில் கட்டிவிட்டேன். ஜூலை 23 அன்று தேர்வை ரத்து செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. க்ராஷ் கோர்ஸில் அதுவரை நடந்தது மொத்தம் நாலு வகுப்பு.

அதோடு முடியவில்லை. பிசிக்ஸில் அணுவைப் பற்றிய ஒரு கேள்விக்கு இரண்டு விடைகளுக்கும் மார்க் கொடுத்திருந்தார்கள். பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் ஒரு மாதிரி, புதியதில் ஒரு மாதிரி. டெல்லி ஐஐடி ஆட்களைக் கேட்டு, ஒன்றுதான் சரி என்று முடிவானது. என் மகள் படித்தது என் அண்ணன் மகனின் பழைய புத்தகம். நாலு மார்க் போய், ஒரு மைனஸும் சேர்ந்து, 577 என்பது 572 ஆனது. 720 வாங்கியவர்களே கடைசியில் 17 பேராகக் குறைந்துவிட்டார்கள், நாங்கள் எந்த மூலைக்கு? புதுப் புத்தகத்தின் விலை எவ்வளவு என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்காமல் இருந்ததற்கு நன்றி.

கையில் இன்னொரு வழியும் இருந்தது. கர்நாடக நுழைவுத் தேர்வான கேசிஇடி ரேங்க்கை வைத்து, ஹெப்பாள் பக்கம் இருக்கும் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி கிடைக்கும் போல் இருந்தது. நல்ல படிப்பு. மாமனாருக்குத்தான் பிடிக்கவில்லை. "தருமபுரியில் நிலத்தை விட்டுட்டு இங்க வந்தது, பேத்தி ஹெப்பாளில் போய் நாத்து நடவா?" வீட்டுக்காரர் கேப் ஓட்டுகிறார். அவரிடம் கேட்டால் "நீங்க ரெண்டு பேரும் சொல்றதுதான்" என்பார். மகளோ ஒரு நாள் எழுதுகிறேன் என்பாள், மறுநாள் வேண்டாம் என்பாள்.

முடிவெடுக்க உதவியவர் கோச்சிங் ஆள் இல்லை. எங்கள் கடையில் செவ்வாய், வெள்ளி மாவு வாங்க வரும் ஒரு ரிட்டயர்டு பிசிக்ஸ் லெக்சரர். பி.யூ. காலேஜில், அதாவது நம்ம பிளஸ் டூ பிள்ளைகளுக்கு, முப்பது வருடம் பாடம் நடத்தியவர், கன்னடக்காரர், எல்லோருக்கும் மேஷ்ட்ரு, வாத்தியார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது இரண்டே கேள்வி: "எஷ்டு தப்பாய்த்து? யாகே தப்பாய்த்து?" எத்தனை தப்பு, ஏன் தப்பு. எங்களுக்குத் தெரியவில்லை. 572 தெரியும், ரேங்க் தெரியும். இது தெரியாது.

தெரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. நீட்டில் வினாத்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம். வட்டங்களை நிரப்பிக் கொடுத்த ஓஎம்ஆர் விடைத்தாளின் படத்தையும் விடைக் குறிப்பையும் தேர்வு நடத்தும் என்டிஏ இணையத்தில் போடுகிறது. மகள் எல்லாவற்றையும் எடுத்துவந்தாள். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாவு பக்கெட்டுகளுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். 147 சரி, 16 தப்பு, 17 தொடவே இல்லை. சரிக்கு நாலு, தப்புக்கு மைனஸ் ஒன்று. கூட்டிப் பாருங்கள், 572 வரும். பயாலஜியில் 360க்கு 333. கெமிஸ்ட்ரி 140. பிசிக்ஸ் 180க்கு 99.

மேஷ்ட்ரு விடையைப் பார்க்கவில்லை. வினாத்தாளின் ஓரத்தில் அவள் பென்னால் கிறுக்கியிருந்த கணக்கைத்தான் பார்த்தார். பிசிக்ஸில் ஒன்பது தப்பு. அதில் ஒன்று அந்தப் பழைய புத்தகக் கேள்வி. இரண்டு உண்மையாகவே தெரியாதவை. மீதி ஆறும் வழி சரி, கடைசியில் பத்தின் அடுக்கை மாற்றிப் போட்டிருக்கிறாள், அல்லது சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்திருக்கிறாள். தொடாத ஒன்பதில் ஐந்தை அங்கேயே, என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினாள். ஏன் அன்றைக்குப் போடவில்லை? நேரம் இல்லை. பயாலஜியில் எல்லாம் தெரியும் என்று ஒவ்வொன்றையும் மூன்று தடவை படித்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.

தப்பு சரியானால் மைனஸ் ஒன்று போய் நாலு வரும், ஐந்து மார்க் லாபம். ஆறு கேள்விக்கு 30. தொடாதது ஐந்துக்கு 20. ஐம்பது மார்க், புதிதாக ஒரு பாடமும் படிக்காமல். "இது போதும், எழுதட்டும்" என்றார் மேஷ்ட்ரு. அப்புறம் இன்னொன்றும் சொன்னார், அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்: ஒன்பதுமே தெரியாத கேள்வியாக இருந்திருந்தால் அக்ரியில் சேரச் சொல்லியிருப்பாராம். ஒரு கிலோ மாவுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றேன், கோபப்பட்டுக் காசை வைத்துவிட்டுப் போனார்.

சரி, சென்டருக்கு வருவோம். ஆகஸ்ட் முதல் வாரம் சேர்ந்தாள். காலையில் அல்சூர் ஸ்டேஷனில் ஏறினால் பத்தாவது ஸ்டாப் விஜயநகர், பர்ப்பிள் லைன், வண்டி மாற வேண்டாம். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் ஏறியபோது எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் பஸ்ஸில் மெஜஸ்டிக் தாண்டிப் போய் வருவதை நினைத்தால் அந்த நேரத்துக்கு விலை கொடுக்கலாம்.

சொன்னது ஒரு பேட்சுக்கு 60 பேர். இருந்தது 110. மைக் வைத்துப் பாடம். மாதா மாதம் மார்க் பார்த்து பேட்சைக் கலைத்து அடுக்குவார்கள். மேலே போனால் நல்ல ஆசிரியர்கள், கீழே போனால் போன வருடம் படிப்பு முடித்து வந்தவர்கள். செப்டம்பரில் என் மகள் ஒரு படி கீழே இறங்கினாள். அந்த மாதம் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினோம். கஷ்டப்படும் பிள்ளைக்குத்தான் நல்ல வாத்தியார் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். தமிழும் கன்னடமும் கலந்து கேட்டதால் புரியவில்லையோ என்னவோ, "நோட்டட் மேடம்" என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டை மட்டும் மனதாரப் பாராட்டுவேன். உண்மையான தேர்வு நடக்கும் அதே மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டதும் கண் சொக்கும் நேரம். ஓஎம்ஆர் தாள், கறுப்பு பால்பாயிண்ட், கைக் கடிகாரம் கூடாது, தண்ணீர் பாட்டில் மட்டும். முப்பது வாரத்துக்கு மேல் ஒரு வாரமும் தவறவில்லை, பக்கத்தில் அரசியல் கூட்டத்து மைக் அலறிய அன்றுகூட. இதை வீட்டில் நாமே செய்ய முடியாது. அந்த நேரத்தில் என் வீட்டில் கிரைண்டர் ஓடும்.

ஆனால் டெஸ்ட் முடிந்ததும் அவர்கள் தருவது ஒரு பட்டியல்: மார்க், பேட்சுக்குள் ரேங்க், எல்லாக் கிளைகளிலும் ரேங்க். எங்கே ஏன் தப்பினாய் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள். மகளே ஒரு நோட்டு போட்டாள். நாலு பத்தி: தெரியாது, கணக்குப் பிழை, நேரம் இல்லை, கண்ணை மூடி அடித்தது. நாலாவது பத்திதான் முதல் இரண்டு மாதம் நீளமாக இருந்தது. அவளுக்கே அதிர்ச்சி. அந்த நோட்டை சென்டரில் பார்த்தது ஒரே ஒருவர், ஆந்திராவிலிருந்து வந்த இளம் பிசிக்ஸ் சார். மாலை நாலு மணிக்கு டவுட் நேரம். சம்பளத்துக்கு அந்த நேரம் சேர்த்தியோ இல்லையோ, தினமும் உட்காருவார். பயாலஜிக்கு 45 நிமிடம், மணி அடித்ததும் மூடிவிடு என்று அவளைப் பழக்கியவர் அவர். சேரும் முன் இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள். கவுன்சலர் இருக்கும் காலை நேரத்தில் போனால் டீதான் கிடைக்கும்.

2025 ஜனவரியில் என்டிஏ தேர்வு முறையை மாற்றியது. அதுவரை 200 கேள்வியில் 180 எழுதினால் போதும், 200 நிமிடம். இனி 180 கேள்வி, எல்லாம் கட்டாயம், 180 நிமிடம். விருப்பக் கேள்வி போய்விட்டது, கூடுதல் இருபது நிமிடமும் போய்விட்டது. சென்டர் என்ன செய்தது? அச்சடித்து வைத்த பழைய டெஸ்ட் தாள் தீரும் வரை, பிப்ரவரி கடைசி வரை, பழைய முறையிலேயே வைத்தது. கேட்டால் "ப்ராக்டிஸ் ப்ராக்டிஸ்தானே மேடம்". நேற்றைய மாவை நான் அப்படி விற்றால் தெருவே வந்து நிற்கும். என் மகளும் இன்னும் ஐந்தாறு பிள்ளைகளும் விருப்பக் கேள்விகளைத் தாங்களே அடித்துவிட்டு, 180 நிமிடத்தில் பேனாவை மூடிவைத்துப் பழகினார்கள்.

மே 4 அன்று பிசிக்ஸ் எப்படி வந்தது என்று எழுதியவர்களைக் கேளுங்கள். வெளியே வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அழுதார்கள். என் மகள் பிசிக்ஸில் மட்டும் 21 கேள்வியைத் தொடாமல் வந்திருந்தாள். வருடம் போயிற்று, ஒரு லட்சமும் போயிற்று என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் வந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஜூன் 14 முடிவு: 506. போன வருடத்தைவிட 66 குறைவு. பிசிக்ஸ் 99இலிருந்து 76. மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டார். மகள்தான் சிரித்தாள். நாட்டிலேயே முதல் மார்க் 686தான், எல்லோருக்கும் இறங்கியிருக்கிறது, தன் ரேங்க் போன வருடத்தில் ஏறக்குறைய பாதி என்று காட்டினாள். மொத்தம் 130 சரி, 14 தப்பு, 36 தொடவில்லை. போன வருடம் லேசான தாளில் பிசிக்ஸில் ஒன்பது தப்பு, இந்த வருடம் அவ்வளவு கடினமான தாளில் நாலு. தெரியாததை விட்டுவிடப் பழகியிருந்தாள். கவுன்சலிங்கில் இரண்டாவது சுற்றில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ் இடம் வந்தது. அரசுக் கல்லூரி வரவில்லை. அந்த ஃபீஸை எப்படிக் கட்டுகிறோம் என்பது தனிக் கதை, வங்கி மேனேஜரிடம் கேட்டால் அழுதுகொண்டே சொல்வார்.

க்ராஷ் கோர்ஸ் பணத்தைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நடக்காத வகுப்புக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "அடுத்த கோர்ஸில் அட்ஜஸ்ட் பண்ணலாம்" என்றார்கள். பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான பணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. மகள் அதை அச்செடுத்துக் கொடுத்தாள். அசையவில்லை. 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். கூப்பிட்டுப் பதிவு செய்தோம், மூன்றாவது வாரம் 8,000 வந்தது. ஜிஎஸ்டி 1,440 வரவில்லை. அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டோம் என்கிறார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள்.

ஜூலையில் சென்டர் வாசலில் பேனர். மகளின் ஐடி கார்டு படம், கீழே ரேங்க். மார்க்கைப் போடவில்லை, போட்டால் வந்தபோது 572, போகும்போது 506 என்று தெரிந்துவிடுமே. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேர்வான பிறகு எழுத்தில் சம்மதம் வாங்காமல் மாணவர் பெயரையோ படத்தையோ விளம்பரத்தில் போடக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் விதி கொண்டுவந்திருக்கிறது. அதைச் சொன்னதும் எடுத்துவிட்டார்கள். அதே பேனரில் இன்னொரு வரி: இத்தனை நூறு பேர் 'நீட் குவாலிஃபைட்'. இதை நம்பி ஏமாற வேண்டாம். 2025இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மார்க் 144. எழுதிய 22 லட்சம் பேரில் 12 லட்சத்துக்கு மேல் தகுதி. எம்பிபிஎஸ் இடமோ நாடு முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம்தான். ஒரு வருடம் வீட்டில் தூங்கினாலும் 144 வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பேட்சில் நாலாவது தடவை எழுதும் ஒரு பையன் இருந்தான். சாதுவான பிள்ளை, எல்லோருக்கும் பயாலஜி சொல்லித் தருவான். ஐஐடிக்குப் போகிறவர்களுக்கு ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வு அடுத்தடுத்து இரண்டு வருடம், இரண்டே தடவை, அதற்கு மேல் கதவு சாத்தியாகிவிடும். நீட்டுக்கு அப்படி எதுவும் கிடையாது. இத்தனை தடவை என்ற கணக்கும் இல்லை, வயதுக்கு மேல் வரம்பும் இல்லை. இதை நல்லது என்றுதான் நினைத்திருந்தேன், அவனைப் பார்க்கும் வரை. அவனுக்கு வருடா வருடம் 'பழைய மாணவர் தள்ளுபடி' உண்டாம்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் மூன்று. இரண்டு ஞாயிறு டெஸ்ட்டுக்கு, ஒன்று பிசிக்ஸ் சாருக்கு. அவர் இப்போது வேறு சென்டருக்குப் போய்விட்டதாகக் கேள்வி, போயிருந்தால் இரண்டாக்கிக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்தக் கவுன்சலர் பெண் போன் செய்தார். "மேடம், இன்னும் ஒரே ஒரு வருஷம் எழுதினா கவர்ன்மென்ட் காலேஜே கிடைச்சுடும். உங்களுக்கு 50 பெர்சன்ட் ஸ்காலர்ஷிப் தர்றோம்." மகள் அப்போது அனாடமி புத்தகத்தோடு எதிரில் உட்கார்ந்திருந்தாள். நான் கேட்டேன்: "இந்த வருஷம் அவளுக்கு எத்தனை தப்பும்மா? ஏன் தப்பு?"

"சிஸ்டத்தில் பார்த்துட்டுக் கூப்பிடறேன் மேடம்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை.